வெடி இல்ல, எழுந்திருங்க

கூனிமேடு
3.10.2005

அன்புள்ள லூர்துமேரிக்கு,

ஷமா எழுதுகிறேன். உன் அக்கா வீட்டுக்கு எதிரே இருக்கிற டெலிபோன் பூத்துக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் பூத்துக்கார அம்மா உன்னைக் கூப்பிடப் போய்த் திரும்பி வந்து, “அவங்க வர மாட்டேங்கிறாங்கம்மா” என்றார். அதனால்தான் கடிதம்.

போன வாரம் தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. எங்கள் பேன்ஸி ஸ்டோருக்கு வந்தார். தீபாவளிக்கு வெடிக் கடை போட லைசென்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தோம் அல்லவா, அது சம்பந்தமான விசாரணை. வருஷா வருஷம் வருவதுதான். வாளியில் மணல் இருக்கிறதா, பக்கத்தில் கூரை வீடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், டீ குடிப்பார்கள், போவார்கள். இந்தத் தடவை டீ வேண்டாம் என்றார். பையிலிருந்து ஒரு மனுவின் நகலை எடுத்து என் வீட்டுக்காரர் ஷஃபியின் கையில் கொடுத்தார். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுத்த மனு. லைசென்ஸ் தேதி முடிந்த பிறகும் வீட்டில் வைத்து வெடி விற்றவருக்கு மறுபடியும் லைசென்ஸ் தரக் கூடாது என்று எழுதியிருந்தது. கீழே பெயரைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தாவது வரை உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் நோட்டைப் பார்த்து எழுதியவள் நான். ‘ழ’வுக்கு அவ்வளவு நீளமாக வால் போடுகிறவள் நீ ஒருத்திதான்.

மனுவில் இருப்பது பொய் இல்லை. ஷஃபியும் மறுக்கவில்லை. “ஆமா சார், போன கிறிஸ்துமஸுக்கு வித்தது நெசம்தான்” என்றார். “யோசிச்சு சொல்லுங்க பாய், எழுதிக்கப் போறேன்” என்று ஆர்.ஐ.யே சொன்னார். “எழுதிக்குங்க” என்று சொல்லிவிட்டார்.

என் கேள்வி வேறு. ஜனவரியில் உன்னைப் பார்க்க கோவில் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். சுனாமியில் வீடு போனவர்களை எல்லாம் அங்கேதான் வைத்திருந்தார்கள். நீ முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாய். பேச முடியாத துக்கம் என்று நினைத்துத் திரும்பி வந்தேன். என் மேல் கோபம் என்று நினைக்கவில்லை. உன் ஜெனிட்டா என் மடியிலும் கிடந்து வளர்ந்த பிள்ளை லூர்து.

இரண்டு நாளில் நோன்பு பிறக்கப் போகிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு என்னால் நோன்பு பிடிக்க முடியாது. பதில் எழுது. திட்டியாவது எழுது.

ஷமா


பொம்மையார்பாளையம்
11.10.2005

ஷமாவுக்கு,

திட்ட எனக்குத் தெம்பு இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

டிசம்பர் 24 சாயங்காலம் என்னைக் கட்டிய அந்த ஆள் உங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்து வெடி வாங்கினார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் வாங்கினார்கள். இருபத்தைந்தாம் தேதி முழுக்க வெடித்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மிச்சம் இருந்ததைத் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு அந்த ஆள் மரக்காணத்துக்குக் கறி வாங்கப் போய்விட்டார். ஏழு மணியிலிருந்தே டமால் டமால் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

நான் தண்ணீர் பிடிக்க ரோட்டுக் குழாய்க்குப் போனேன். குடத்தோடு வரிசையில் நிற்கும்போது கடல் பக்கமிருந்து சத்தம் வந்தது. கட்டுமரமும் ஃபைபர் போட்டும் ஒன்றோடொன்று மோதி உடைகிற சத்தம் என்று பிறகுதான் தெரியும். அப்போது எங்களில் ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற சின்னப்பாப்பா அக்கா, “காலங்காத்தால ஆரம்பிச்சிட்டானுங்க பாரு” என்றார். வீடுகளில் இருந்து உயிர் தப்பியவர்களைக் கேட்டுப் பார். எல்லோரும் ஒன்றையேதான் சொல்வார்கள். வெடின்னு நெனச்சோம்.

ஜெனி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் உப்பளத்துப் பாத்தியில் அவளை எடுத்தார்கள். நானும் அந்த ஆளும் ஏழு சீசன் உப்பு வாரிய பாத்தி.

சட்டம் என்று ஒன்று இருந்ததே ஷமா. இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று எழுதித்தானே கொடுத்தார்கள். நவம்பர் பதினைந்தோடு முடிந்த லைசென்ஸ். அதன்படி நடந்திருந்தால் அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு ஊசிவெடிகூட இருந்திருக்காது. சத்தம் கேட்டதும் எல்லோரும் என்னவென்று பார்த்திருப்பார்கள். ஓடியிருப்பார்கள்.

அந்த ஆளையும் அதனால்தான் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தேன். இனி எழுதாதே.

லூர்துமேரி


கூனிமேடு
22.10.2005

லூர்து,

எழுதாதே என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இரண்டு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும்.

முதலாவது. லைசென்ஸ் இல்லை என்று வந்துவிட்டது. ஷஃபி தீபாவளிக்காக வாசலில் போட்ட பந்தல் கம்புகளைப் பிடுங்கி வைத்தார். ஆனால் உன் மனு தப்பான ஆள் மேல் இருக்கிறது. டிசம்பர் 24 அன்று ஷஃபி ஊரிலேயே இல்லை. திண்டிவனம் போயிருந்தார். போகும்போது, “நாள் முடிஞ்சு போச்சு ஷமா, மிச்சத்தத் திருப்பி அனுப்பணும், யார் வந்து கேட்டாலும் குடுக்காத” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பின்வாசலைத் திறந்தவள் நான். பண்டிகைக்குக் கேட்கிறார்கள், இல்லையென்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். நீ ‘அந்த ஆள்’ என்று எழுதுகிற ஜான்சன் அண்ணன் வந்தபோது, “இது ஜெனிக்கு நான் குடுத்தேன்னு சொல்லுங்கண்ணா” என்று கம்பி மத்தாப்பும் இரண்டு பாக்கெட் லட்சுமி வெடியும் சேர்த்துக் கொடுத்தேன். ஆர்.ஐ. கேட்டபோது எனக்காகத்தான் ஷஃபி ஒத்துக்கொண்டார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை. அதைத்தான் முதல் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. நீ மறுபடி மனு எழுது. என் பெயரைப் போட்டு எழுது.

இரண்டாவது, ஜான்சன் அண்ணனைப் பற்றி. உனக்கு யாராவது சொன்னார்களா தெரியவில்லை. அனுமந்தைக்கு வெளியே தார் ஷீட் போட்டு ஷெட் கட்டிக் கொடுத்திருக்கிறார்களே, அதில் கடைசி ஷெட்டில் இருக்கிறார். ஆடித் திருவிழாவில் வாணம் விட்டார்கள். முதல் சத்தத்திலேயே அண்ணன் எழுந்து ஷெட் ஷெட்டாகக் கதவைத் தட்டிக்கொண்டு ஓடினாராம். “வெடி இல்ல, எழுந்திருங்க! வெடி இல்ல!” என்று கத்தினாராம். முதல் தடவை எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். இப்போது யாரும் ஓடுவதில்லை. எங்காவது ஒரு வெடி வெடித்தால் போதும், அண்ணன் தட்டுவார். திட்டுவார்கள். மறுபடியும் தட்டுவார். “நான் குடுத்த வெடிதான் அத்தினி பேரையும் படுக்க வச்சுது” என்று ஷஃபியிடம் சொன்னாராம்.

ஷமா


பொம்மையார்பாளையம்
4.11.2005

ஷமா,

உன் முதல் விஷயத்தைப் படித்தபோது உன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டாவதைப் படித்த பிறகு நான்கு நாள் சாப்பிட முடியவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

முந்தாநாளுக்கு முன்தினம் தீபாவளி. இந்த வருஷம் சுப்ரீம் கோர்ட் உத்தரவாம், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வெடி வெடிக்கக் கூடாதாம். போலீஸ் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. பொழுது சாய்ந்ததிலிருந்து காதில் துணியைச் சுற்றிக்கொண்டு மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தெருவில் சொன்னபடி கேட்டார்கள். பத்து மணிக்கு எல்லாம் நின்றது. துணியை எடுத்தேன்.

எடுத்ததும் அவள் குரல் கேட்டது.

ஜெனி தூங்கிக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருந்தேன். அது பொய். அக்காவிடமும் அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருக்கிறேன், ஜான்சனிடமும் அதையேதான் சொன்னேன். அவளுக்குச் சளி, லேசாகக் காய்ச்சல். நான் குடத்தை எடுக்கும்போது கண்ணைத் திறந்தாள். கடல் பக்கம் ஏதோ உடைகிற மாதிரி ஒரு சத்தம். நான் குழாயில் கேட்டதற்கும் முன்னால் வந்தது அது.

“அம்மா, அது என்னாமா சத்தம்?”

“வெடிதான்டி. படு. வந்து கஞ்சி வச்சுத் தர்றேன்.”

“வெடி மாதிரி இல்லம்மா.”

“எல்லாம் வெடிதான். படுடின்னா.”

படுத்துக்கொண்டாள். சொன்னால் கேட்கிற பிள்ளை அவள். உனக்கே தெரியும். நான் குடத்தோடு ரோட்டுக்குப் போய்விட்டேன்.

இப்போது தெரிகிறதா, ஏன் மனு எழுதினேன் என்று? யாருடைய தப்பு என்று அரசாங்கக் காகிதத்தில் வேறு ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும் எனக்கு. ஷஃபி அண்ணன் பெயர் கிடைத்தது.

ஜான்சன் கதவைத் தட்டி என்ன சொல்கிறார் என்று நீ எழுதியிருந்தாயே. அது அவள் சொன்னது ஷமா. எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்தது. அவருக்கு யார் சொன்னது?

லூர்து


கூனிமேடு
15.11.2005

அன்புள்ள லூர்து,

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. ஷஃபிக்கும் காட்டவில்லை. அது வந்த அன்றைக்குப் பெருநாள் விருந்துக்கு வந்த ஆட்கள் வீடு நிறைய இருந்தார்கள். நான் மட்டும் பிரியாணிச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அண்ணனுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. அவருக்குத் தெரியாமலே அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்கிறது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். வெடி விற்றவளே நான்தானே, எனக்கு வேறு என்ன தோன்றியிருக்கும்? ஆனால் ஒன்று கேட்கிறேன். அண்ணன் தன்னால்தான் என்று நினைத்து நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டிருக்கிறார். தாடி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. உப்பள வேலைக்கும் போவதில்லை. நீ இதை அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாது, நீதான் சொல்ல வேண்டும். ஒரு பஸ் தூரம்தானே?

ஷமா


பொம்மையார்பாளையம்
30.11.2005

ஷமா,

முடியாது. அவர் தன் மேல் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிற வரைக்கும் என் பங்கை யாரும் கேட்கப் போவதில்லை. எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. ஒரு வருஷமாக அவர் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருக்கிறேன். வெளியே வரச் சொல்லாதே.

வருஷத் திவசப் பூசைக்கும் வரமாட்டேன். மெழுகுவத்தி வாங்கி என் பெயருக்கு நீ கொடுத்து அனுப்பு.

லூர்து


கூனிமேடு
28.12.2005

லூர்து,

இதைப் படித்த உடனே கிளம்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அண்ணன் உயிருக்கு ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசை முடிந்து பன்னிரண்டரை மணிக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள். பத்து மணிக்கு மேல் வெடிக்கக் கூடாது என்று போலீஸ் வந்து சொல்லிவிட்டுத்தான் போயிருந்தது. ஆனாலும் நான்கைந்து பேர், கல்யாண வயசு ஆட்கள், ஒரு சரத்தைக் கொண்டுவந்து அண்ணனின் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். “இப்ப பாரு, ஜான்சன் ஓடுவாரு” என்று சிரித்துக்கொண்டு நின்றார்களாம்.

ஓடினார். எல்லாக் கதவையும் தட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை. ராமதாஸ் என்று ஒருத்தரின் ஷெட்டில் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அவருடைய ஆறு வயசுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஈ.சி.ஆர். பக்கம் ஓடிவிட்டார் அண்ணன். அந்தப் பிள்ளை பயந்து அலறியிருக்கிறது. இருட்டில் ரோட்டில் ஏறும்போது ஒரு லாரி வந்து பிரேக் அடித்தது. பிள்ளையை மணலில் தள்ளிவிட்டுத் தான் மட்டும் லாரிக்கு முன்னால் விழுந்தார். பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு. அண்ணனுக்கு வலது கால் உடைந்துவிட்டது. உடைந்த காலோடு கிடந்தவரை ராமதாஸ் அடித்தார். அவரையும் குறை சொல்ல முடியாது.

தகவல் வந்து ஷஃபி போனார். பாண்டி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு இங்கே எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறோம். வெடி அடுக்கி வைக்கிற பின்னறை காலியாகத்தானே கிடக்கிறது. அங்கே படுத்திருக்கிறார். ஷெட்டில் இருக்கிறவர்கள் சேர்ந்து பேசிவிட்டார்கள். பிள்ளையைத் தூக்குகிற ஆளை இனி உள்ளே விட மாட்டார்களாம். மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிப் போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம். “சொந்தக்காரங்க யாராவது வந்து பொறுப்பு எடுத்துக்கினா பாக்கலாம்” என்று ஏட்டு சொல்கிறார். தேதி மீறி விற்றவள் நான். நேரம் மீறி வெடித்தவர்கள் தங்கள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். அடைத்து வைக்க வேண்டிய ஆள் ஜான்சன் அண்ணனா?

நேற்று கஞ்சி கொடுக்கப் போனேன். “அந்தப் பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவலயே தங்கச்சி?” என்று கேட்டார். 

ஷமா


அனுமந்தை
22.1.2006

அன்புள்ள ஷமா,

அன்றைக்கு உன் வீட்டில் என்னை அந்த அறைக்குள் விட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனாய். உள்ளே என்ன பேசினோம் என்று நீ கேட்கவில்லை. நானும் புறப்படும்போது சொல்லவில்லை. நேரில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. எழுதினால் வரும்.

உட்காராமலே சொன்னேன். அவள் விழித்திருந்தாள், கேட்டாள், நான்தான் படு என்று சொன்னேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையாவது எடுத்து என் மேல் எறிவார் என்று நினைத்தேன். எறிந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

“இன்னொரு தரம் சொல்லு” என்றார்.

“என்னாத்த?”

“அவ சொன்னத.”

“வெடி மாதிரி இல்லம்மான்னு சொன்னா.”

“படுத்துக்கினே சொன்னாளா, எழுந்து உக்காந்தாளா?”

“முழங்கைய ஊனிக்கினு, பாதி எழுந்து.”

“குரல் எப்படி இருந்துச்சு?”

“சளி கட்டி, கரகரன்னு.”

“முடி?”

“அவுந்து மூஞ்சில கெடந்துச்சு.”

மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அன்று காலை அவர் கறி வாங்கக் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாளாம். காய்ச்சல் பிள்ளை, எழுப்ப வேண்டாம் என்று சத்தம் போடாமல் போனாராம். தூங்கும்போதே போய்விட்டாள் என்று நான் சொன்னதைத்தான் ஒரு வருஷமாக நம்பியிருக்கிறார். அவள் கடைசியாகப் பேசியது என்று அவரிடம் ஒன்றுமே இல்லை ஷமா. நான் எனக்குத் தண்டனை என்று நினைத்து ஒளித்து வைத்தது அவருக்குச் சேர வேண்டியது.

கடைசியில் சொன்னார். “நாம எல்லாரும் வெடின்னோம். அவ ஒருத்திதான் இல்லன்னா. எம் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு.” பிறகுதான் அழுதார். நானும் அழுதேன். சத்தம் கேட்டிருக்கும் உனக்கு.

என்னை மன்னித்தாரா தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சில நாள் என்னைப் பார்க்காமலே சாப்பிடுகிறார். சில நாள் திடீரென்று, “அன்னிக்கு எந்தப் போர்வைய போத்தியிருந்தா?” என்று கேட்கிறார். சொல்கிறேன்.

ஸ்டேஷனில் நான் எழுதிக் கொடுத்தேன், பொறுப்பு என்னுடையது என்று. ராமதாஸ் வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையின் அம்மா காலைத் தொட்டேன். அவர் பதறிப் பின்வாங்கிவிட்டார். ஷெட்டில் இருக்கச் சம்மதித்திருக்கிறார்கள், நான் கூட இருக்கிற வரைக்கும். ஷஃபி அண்ணன் மேல் கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று விழுப்புரம் போய்க் கேட்டேன். முடியாதாம். அடுத்த தீபாவளிக்கு அவர் மறுபடி எழுதிக் கொடுக்கட்டும், விசாரணைக்குக் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். தேதி முடிந்த அன்றைக்கே மிச்சத்தை அனுப்பிவிடச் சொல். நீயும் பின்வாசலைத் திறக்காதே.

நேற்று ஒன்று நடந்தது. தை பிறந்துவிட்டது அல்லவா, ஊருக்குள் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குச் சரம் கொளுத்தினார்கள். சாயங்காலம் மணி ஏழுதான். சட்டப்படி யாரையும் எதுவும் சொல்ல முடியாது. முதல் வெடிக்கே அவர் எழுந்துவிட்டார். கட்டுக் காலோடு வாசலுக்கு வந்து பக்கத்து ஷெட்டின் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வெடிதான், வந்து படுங்க என்று சொல்ல வாய் வந்தது. அந்த வார்த்தையை இனி யாருக்கும் என்னால் சொல்ல முடியாது.

“வாங்க, நாம போவலாம்” என்றேன்.

என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். ரோடு வரைக்கும் போக ரொம்ப நேரம் ஆயிற்று. நான்கடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார். மேட்டில் ஏறி இரண்டு பேரும் கடல் பக்கம் திரும்பி நின்றோம். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குள் சரம் வெடித்துக்கொண்டே இருந்தது. அது முடிந்த பிறகும் நின்றோம். அவர் கடல் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அவராகத் திரும்பட்டும் என்று காத்திருந்தேன்.

லூர்துமேரி